ஒன்றையும் விட்டுவைக்காத குறிப்பு

யூதப் பண்டிகைச் சமையலை இணையத்தில் தேடுகிறவருக்கு அலைச்சல் கிடையாது. 'பாரம்பரிய யூத உணவு' என்று தட்டி முடிப்பதற்குள் பக்கம் நிரம்பிவிடும். மட்சா உருண்டை மிதக்கும் கோழி சூப், நிதானமாக வேகவைத்த மாட்டு நெஞ்சுக்கறி, உருளைக்கிழங்கு லட்கே, பின்னல் போட்ட ஹல்லா ரொட்டி. எந்தப் பண்டிகையின் பெயரைப் போட்டாலும் அநேகமாக இவையே முன்னால் வந்து நிற்கும். பாக்தாத், சனா, ஃபெஸ், சலோனிக்கா, கொச்சி என்று நூற்றாண்டுக் கணக்கில் சிதறி, அந்தந்த ஊர்ச் சந்தையில் கிடைத்ததைக் கொண்டு பண்டிகை கொண்டாடிய மக்களை இந்தக் குறிப்புகள் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டன. போலந்திலும் ருஷ்யாவிலும் கப்பலேறி நியூயார்க்கில் இறங்கியவர்களின் பந்தி அது. ஏமன்காரரின் ஜக்னூனுக்கும், ஈராக்கியரின் த்பீத்துக்கும், எலியா தீர்க்கதரிசியை நினைத்து அவலும் தேங்காயும் பழமும் கலந்து கொங்கணக் கரை பெனே இஸ்ரயேலர் படைக்கும் மலீதாவுக்கும் தனியாக இலை போட வேண்டிய வேலை மிச்சம்.

இந்தக் குறிப்புகளின் பொறுமையையும் சொல்ல வேண்டும். நள்ளிரவில் கேட்டாலும் பதில் உண்டு. பத்து முறை கேட்டால் பத்து முறையும் அதே பதில். 250 கிராம் என்றால் 250 கிராம்தான். கிழக்கு ஐரோப்பிய யூதப் பாட்டிகள் அப்படி இல்லை. அளவு கேட்டால் இத்திஷ் மொழியில் 'ஷிட் அராய்ன்' என்பார்கள். 'சும்மா கொட்டு' என்று அர்த்தம். நம் வீட்டில் 'கண்ணளவாப் போடு' என்பதுதான். கொஞ்சம் கறாரான பாட்டி 'ஒரு கிளாஸ்' என்பாள். அந்தக் கிளாஸ் பல வீடுகளில் யார்ட்சைட் கிளாஸ். இறந்தவரின் திதியன்று ஒரு நாள் முழுக்க எரியும் மெழுகுவர்த்தி அதில் ஊற்றித்தான் விற்பனைக்கு வரும். எரிந்து முடிந்ததும் அதைக் கழுவிக் கவிழ்த்து, மாவு அளக்க எடுத்துக்கொள்வார்கள். அப்பா நினைவாக ஏற்றிய கிளாஸிலேயே வெள்ளிக்கிழமை ஹல்லாவுக்கு மாவு அளக்கிறவளுக்கு, ஒவ்வொரு முறை அதைக் கையில் எடுக்கும்போதும் ஒரு முகம் ஞாபகம் வரும். இணையக் குறிப்புகள் அந்தக் கிளாஸை ஓரமாக வைத்துவிட்டுத் தராசைக் கொடுத்துவிட்டன. இப்போது யார் செய்தாலும் ஒரே பதம், ஒரே ருசி.

பெசாக் பண்டிகையின் விருந்துத் தட்டில் ஹரோசெத் என்று ஒன்று வைப்பார்கள். முன்னோர் எகிப்தில் அடிமைகளாக இருந்தபோது செங்கல் வேலைக்குக் குழைத்த சாந்தின் நினைவு அது. ஆப்பிள், வால்நட், பட்டை, இனிப்பு ஒயின் சேர்ப்பது ஐரோப்பிய வழக்கம். ஈராக் யூதர்கள் பேரீச்சம்பழப் பாகில் பொடித்த வால்நட்டைக் கலப்பார்கள். நான் பார்த்த குறிப்பு, பாகுக்கு மெனக்கெட வேண்டாம், கடையில் பாட்டிலாகவே கிடைக்கிறது, மொத்த வேலை ஐந்து நிமிடம் என்று அக்கறையோடு சொன்னது. நான் அதன் பேச்சைக் கேட்கவில்லை. அரை கிலோ பழத்தை இரவே ஊறவைத்து, காலையில் வேகவைத்து, பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்தேன். முதலில் மளமளவென்று வடிந்தது. பிறகு முறுக்க முறுக்கச் சொட்டுச் சொட்டாகத்தான். மணிக்கட்டு கடுத்தது. முழங்கை வரை பிசுபிசுப்பு. துணியைப் பிரித்தால் உள்ளே பழுப்பாக, ஈரமாக, கொத்தனார் சட்டியில் மிஞ்சியது போல ஒரு கட்டி. சாந்தேதான்! சாற்றை மேலும் ஒரு மணி நேரம் சுண்டவைத்ததில் ஒரு டம்ளர் பாகு தேறியது. குறிப்பின்படி நடந்திருந்தால் என் கையில் அந்தச் சாந்து பட்டிருக்காது.

அதே பெசாக்கில் அரிசி சாப்பிடலாமா என்பது பழைய வழக்கு. ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்கள் அரிசியையும் பருப்பையும் அந்த நாட்களில் தொடுவதில்லை. ஸ்பெயின் வழிவந்தவர்களிலும் கீழை நாட்டவரிலும் பலர் சாப்பிடுவார்கள். 2015 இல் அமெரிக்காவின் கன்சர்வேடிவ் பிரிவு ரப்பிகள் குழு தன் மக்களுக்கும் அனுமதி கொடுத்தது. குறிப்புகள் இந்தச் சண்டைக்குள் தலை கொடுப்பதில்லை. 'பெசாக்குக்கு ஏற்றது' என்று எல்லோருக்கும் ஒரே முத்திரை குத்திவிடுகின்றன. அரிசி சாப்பிடும் வீடுகளில் அதை மூன்று தடவை பொறுக்குவது வழக்கம். வெள்ளைத் துணியை விரித்து, ஒரு பிடி கொட்டி, மணி மணியாக விரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். புளித்த தானியம் பெசாக்கில் விலக்கு என்பதால், ஒரு கோதுமை மணி கண்ணுக்குத் தப்பினாலும் அத்தனை நாள் காத்த நியமமும் பாழ். முதல் தடவையில் கல் போகும், இரண்டாவதில் உமி போகும், மூன்றாவதில் பொறுக்க ஒன்றும் இருக்காது. இருந்தாலும் மூன்றாவது தடவையும் உட்கார்ந்து பார்ப்பார்கள். குறிப்பில் 'அரிசி 2 கப், கழுவியது' என்று இருக்கிறது.

நேரத்தை மிச்சப்படுத்துவதில் இணையக் குறிப்புகளுக்கு நிகர் இல்லை. ஓய்வுநாளில் தீ மூட்டக் கூடாது. அதனால்தான் வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் ஏற்றி, சனிக்கிழமை மதியம்வரை தணலில் கிடக்கும் ஹமின் என்ற சமையலே பிறந்தது. பிரஷர் குக்கரில் அதை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கச் சொல்லித் தருகின்றன. இனி சனிக்கிழமை காலையில் அடுப்பைப் பற்றவைத்தாலே போதும்.

ரோஷ் ஹஷானா என்னும் புத்தாண்டு இரவில் தட்டில் இருப்பவை பலவும் சிலேடைகள். லீக் தண்டுக்கு அரமேயத்தில் 'கர்த்தி'. எபிரேயத்தில் வெட்டுதலைக் குறிக்கும் சொல்லோடு அது ஒலியில் ஒட்டும். பகைவர் வேரறுக என்று சொல்லி வாயில் போடுவார்கள். சுரைக்காயின் பெயர் கிழித்தலை நினைவூட்டும்; நம் பேரில் எழுதிய கெட்ட தீர்ப்பு கிழிந்து போகட்டும் என்பது வேண்டுதல். இத்திஷ் பேசியவர்கள் கேரட்டைச் சேர்த்துக்கொண்டார்கள், அவர்கள் மொழியில் அதன் பெயர் 'பெருகுக' என்றும் ஒலிப்பதால். மொழி மாறினால் காயும் மாறும், வேண்டுதல் மாறாது. லீக் கிடைக்காத ஊர்க்காரர்களுக்காகக் குறிப்புகள் வெங்காயத்தாளைப் பரிந்துரைக்கின்றன. ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது, அது உண்மை.

கெய்ரோவில் பிறந்த சமையல் எழுத்தாளர் கிளாடியா ரோடன், 1956 சூயஸ் போருக்குப் பிறகு எகிப்தை விட்டுக் கிளம்பியவர்களிடம் கேட்டுக் கேட்டுக் குறிப்பு சேர்த்தவர். யாரிடம் வாங்கினார், அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதையும் கூடவே எழுதுவார். இப்போது அந்தச் சிரமம் இல்லை. எவரும் நகலெடுத்து எவரும் பரிமாறலாம்.

இவ்வளவு நிறைவான குறிப்புகளைப் படித்துவிட்டு தெரெசீன் குறிப்புகளுக்குப் போனால் கை நின்றுவிடுகிறது. செக் மண்ணில் நாஜிகள் நடத்திய தெரெசீன் முகாமில் அடைபட்ட பெண்கள், பசியோடு, தங்கள் வீட்டுப் பலகாரங்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். 'வாயால் சமைப்பது' என்று அவர்களே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். சொன்னதைத் தாள்களில் ஜெர்மன் மொழியில் எழுதியும் வைத்தார்கள். அவர்களில் ஒருவரான மினா பெஹ்டர் 1944 இல் யோம் கிப்பூர் என்னும் நோன்பு நாளன்று முகாமிலேயே இறந்தார். அதற்கு முன் அந்தத் தாள்களை ஒரு நண்பரிடம் ஒப்படைத்து, பாலஸ்தீனத்தில் இருக்கும் மகளிடம் சேர்க்கச் சொன்னார். மகளின் முகவரி அவரிடம் இல்லை. பொட்டலம் கை மாறிக் கை மாறி, 25 ஆண்டு கழித்து, அதற்குள் நியூயார்க்கில் குடியேறிவிட்ட மகளிடம் போய்ச் சேர்ந்தது. 1996 இல் 'இன் மெமரீஸ் கிச்சன்' என்ற புத்தகமாயிற்று. அதில் சில பலகாரங்களில் ஒரு பொருள் விட்டுப்போயிருக்கிறது. சிலவற்றில் நடுவில் ஒரு வேலையே காணோம். இணையத்தில் இந்தக் குறை கிடையாது. அளவு, வெப்பம், நேரம் எல்லாம் எழுதி, எட்டுப் பேருக்குப் போதும் என்று முடித்திருப்பார்கள். மினா கொடுத்தனுப்பிய பொட்டலம் ஒருத்திக்கு மட்டும்தான்.