பஞ்சடைச்ச முதலை

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. டவர் கெடைக்கணும்னு பாறை மேல ஏறி நின்னுக்கிட்டு யாருகூடடா அம்புட்டுச் சண்டை? 'பொன்னியின் செல்வன்' படத்துல வந்தியத்தேவன் அப்படி இல்லையாமா? கார்த்தி குறும்பு கூடிப்போச்சாமா? சரி, ஒண்ணு கேக்குறேன். நெசமான வந்தியத்தேவன நீ எந்தச் சந்தையில பாத்த?

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுல அந்த மனுசன் பேரு இருக்கு. எப்படி? ராசராச சோழனோட அக்கா குந்தவையோட வீட்டுக்காரர்னு. பொஞ்சாதி குடுத்த தானத்துல புருசன் பேரும் பொழைச்சுக் கெடக்கு. பசி, பொய்யி, துடுக்கு எல்லாம் கல்கி சேத்தது. 1950லயிருந்து 1954 வரைக்கும் அந்தக் கதையப் பத்திரிகையில வாராவாரம் எழுதுனாரு. படம் போட்டவரு மணியம். நீ அசல்னு நெனைக்கிற மூஞ்சியே அவரு தூரிகையில பொறந்ததுதான்டா.

1958ல எம்.ஜி.ஆர். அதப் படமா எடுக்கப் போறேன்னு அறிவிச்சாரு. நடக்கல. நடந்திருந்தா? கதையில அரிசிலாத்தங்கரையில முதலையப் பாத்து நம்மாளு வேலை வீசுவான். பாத்தா, பஞ்சடைச்ச முதலை! பொம்பளைக சிரிக்க, இவன் அசடு வழிய நிப்பான். எம்.ஜி.ஆர். படமா இருந்தா அந்த முதலைக்கு உசுரு வந்திருக்கும். இல்லேன்னா கொட்டகையில நாற்காலி தப்புமா?

2022ல மணிரத்னம் எடுத்தாரு. மறுவருசம் ரெண்டாவதும் வந்துச்சு. அஞ்சு பாகத்த ரெண்டு படத்துல அடைச்சா சிந்தாதா? நம்ம வடகவுஞ்சி மலைவாழை பழனிக்குப் போனாப் பஞ்சாமிர்தமாகுது. தோலு எங்கடான்னு எவனாச்சும் கேக்குறானா? பழம் இருக்கான்னுதான பாக்கணும்? வாயால வம்புல மாட்டி, வாயாலயே தப்பிச்சு ஓடுறான் பாரு, அவன்தான்டா வந்தியத்தேவன். அது கார்த்திகிட்ட இருந்துச்சு. போதாதா?

ஒரு கொறை எனக்கும் உண்டு. மணிமேகலைய அடியோட விட்டுட்டாக. பாவம், கதையில அவ உசுரு இவன் மடியிலதான போகுது? அதுக்குக் கோவப்படு, நானும் கூட வாரேன். அத விட்டுட்டு மீசை நீளம், குதிரை நெறம்னு எதுக்குடா மல்லுக்கட்டுற?

என்னடா முழிக்கிற? "மணிமேகலை யாரு தாத்தா"ன்னா கேக்குற? அடப்பாவி! அப்ப நீ கதை தொடங்குற வீராணத்து ஏரிக்கரையவே இன்னும் தாண்டலையா? போ, போயி மொதப் பாகத்த எடு. சண்டைய அப்புறம் வச்சுக்கலாம்.