இயற்பியல் படித்தவருக்கு எந்த ஊர்?

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டேன். வேலை தேடுகிறேன். ஊர் சுற்ற ஆசை, கையில் காசு குறைவு. எங்கே போகலாம்? (ஒரு வாசகர், வாணியம்பாடி)

பதில்: வாணியம்பாடியில் இருந்துகொண்டா கேட்கிறீர்கள்? ஆலங்காயம் வழியாகப் பேருந்து ஏறுங்கள், ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் வந்துவிடும். 1977-இல் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கப் போனது. மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி விட்டுவிட்டு மங்கியது. காவலூர் தொலைநோக்கியிலும் அது பதிவானது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தது. பார்வையாளர் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கொடைக்கானல். எல்லோரும் ஏரியில் படகு விடட்டும், நீங்கள் சூரிய ஆய்வகத்துக்கு நடையைக் கட்டுங்கள். 1909-இல் ஜான் எவர்ஷெட் அங்கே சூரியப் புள்ளியின் நிறமாலையைப் படமெடுத்தார். கோடுகள் மயிரிழை அளவு இடம் மாறியிருந்தன. டாப்ளர் விளைவு என்று பரீட்சையில் எழுதினீர்களே, அதேதான்! புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்று அதை வைத்தே சொன்னார். நான் மெச்சுவது அந்தப் பொறுமையை.

ஊர் திரும்பியதும் ஒரு 10x50 பைனாகுலர் இரவல் வாங்குங்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் அசையாமல் ஊன்றி வியாழனைப் பாருங்கள். பக்கத்தில் வரிசையாகச் சின்னப் புள்ளிகள் தெரியும், அவை அதன் நிலாக்கள். தினமும் நோட்டில் வரையுங்கள், இடம் மாறிக்கொண்டே இருக்கும். 1610-இல் கலிலியோ செய்ததும் இதைத்தான். நேர்காணலில் பொழுதுபோக்கு என்னவென்று கேட்டால், நோட்டை எடுத்து நீட்டுங்கள்.