நூற்றுக்கு எத்தனை வட்டி?

என் மைத்துனன் நியூஜெர்சியில் போட்டோகிராபர். கிரீன் கார்டு கைக்கு வந்த மறுமாதமே ஐ.டி. வேலையை உதறிவிட்டு, அரங்கேற்றம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் என்று படமெடுக்கக் கிளம்பிவிட்டான். கோடை வந்தால் எடிசன் வட்டாரத்தில் அரங்கேற்றங்களுக்குப் பஞ்சமே கிடையாது. தொழில் ஓடியது. "இனிமே எனக்கு மேல யாரும் இல்ல அத்தான்" என்றான். மேலே ஒருவர் உண்டு, அவர் கடிதம் எழுதச் சலிக்காதவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

அமெரிக்க வருமான வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் கடிதங்களை அவன் பிரிப்பதில்லை. லென்ஸ் வந்த அட்டைப் பெட்டியில் போட்டு மூடிவிடுவான். பிரிக்காவிட்டால் விஷயம் தெரியாது, தெரியாத விஷயத்துக்குத் தான் பொறுப்பாக முடியாது என்பது அவன் கட்சி. வக்கீலுக்குப் படிக்காமல் போனது கட்சிக்காரர்கள் செய்த புண்ணியம்.

பெட்டியைத் திறந்தது என் மாமியார். ஆறு மாதம் தங்க வந்திருந்தவர், வீட்டுக்குப் பின்னால் மர மேடையில் காயப்போட்ட கூழ்வத்தலைப் போட்டுவைக்கப் பெட்டி தேடினார். உள்ளே ஒரே கவர்களாக இருக்கவே என்னைக் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, இது என்னன்னு பாருங்க. கல்யாணப் பத்திரிகை மாதிரித் தெரியல."

தெரியாதவர்களுக்காக இங்கே கொஞ்சம் கணக்கு. அமெரிக்காவில் சம்பளக்காரர் ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்குமாகச் சம்பளத்தில் 7.65 சதவீதம் கட்டுவார். அதே அளவை முதலாளியும் கட்டுவார். சொந்தத் தொழில் செய்பவருக்கு முதலாளி ஏது? ஆகவே இரண்டு பங்கும் அவர் தலையில், 15.3 சதவீதமாக விடியும். இதுதான் சுயதொழில் வரி. செலவு போக 40,000 டாலர் நின்றால் இது மட்டும் சுமார் 5,650 டாலர். வருமான வரி தனி. மேனேஜரைப் பிடிக்காமல் வேலையை விட்டவன் மேனேஜர் வீட்டுப் பங்கையும் சேர்த்துக் கட்ட வேண்டியதாயிற்று.

அதையும் வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்ட விடமாட்டார்கள். காலாண்டுக்கு ஒருமுறை முன்பணம் கட்ட வேண்டும். கெடு தேதிகள் ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15. முதல் கெடுவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இரண்டே மாதம், மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே நான்கு மாதம். இப்படியொரு காலாண்டை எந்தப் பஞ்சாங்கத்திலும் நான் பார்த்ததில்லை.

மைத்துனன் எந்தக் கெடுவையும் மதிக்கவில்லை. இரண்டு வருடங்களாகக் கணக்கே தாக்கல் செய்யவில்லை. ஆனால் 'ஐஆர்எஸ்ஸிலிருந்து பேசுகிறோம்' என்று வந்த ஒரு போனை மட்டும் மரியாதையாக எடுத்துப் பேசியிருக்கிறான். இந்தத் துறை முதலில் கடிதம்தான் போடும். போனில் மிரட்டி கிஃப்ட் கார்டு கேட்பவன் திருடன். 2016 அக்டோபரில் மும்பையை ஒட்டிய மீரா ரோட்டில் போலீசார் சோதனை போட்டது அப்படிப்பட்ட கால் சென்டர்களைத்தான்; அங்கிருந்தபடியே அமெரிக்கர்களை மிரட்டிக்கொண்டிருந்தார்கள். அசல் துறையின் கடிதத்தைப் பிரிக்காதவன் போலித் துறையின் பேச்சைக் கேட்டுக் கடைக்கே போய்விட்டான். கார்டில் வரம்பு தாண்டியிருந்ததால் கிஃப்ட் கார்டு வாங்க முடியவில்லை. கடன் ஒரு மனிதனைக் காப்பாற்றி நான் பார்த்தது அப்போதுதான்.

வரம்பு தாண்டிய கார்டுகள் மொத்தம் மூன்று. எல்லாம் லென்ஸ் வாங்கிய கடன். ஆக ஒருபுறம் அரசாங்கம், மறுபுறம் மூன்று வங்கிகள். கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை முதலில் யாருக்குக் கொடுப்பது? அரசாங்கத்தை நினைத்தாலே அவனுக்கு வயிற்றைக் கலக்கியது. வங்கிகளோ பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பும் நல்லவர்கள். அதனால் புதிதாக ஒரு கார்டு வாங்கி, வரியை அதில் தேய்த்துக் கட்டிவிடலாம் என்று யோசனை சொன்னான்.

மாமியார், அதாவது அத்தை, பாளையங்கோட்டையில் பல வருடம் ஏலச்சீட்டு நடத்தியவர். கார்டு பில்லை என்னிடம் நீட்டி, "இதுல வட்டி என்ன போட்டிருக்கான்?" என்றார்.

"வருஷத்துக்கு 24 சதவீதம் அத்தை."

"அப்ப நூத்துக்கு ரெண்டு வட்டி. நகை ஈடும் இல்லாம எவன்லே ஒனக்குக் குடுத்தான்?"

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் கடன் தீர எத்தனை வருடம் ஆகும் என்று பில்லிலேயே கட்டம் கட்டிப் போட வேண்டும் என்பது 2009-இல் வந்த சட்டம். அந்தக் கட்டத்தை இத்தனை நாளும் அவன் விளம்பரம் என்று நினைத்திருந்தான். நான் வாசித்துக் காட்டினேன். அத்தனை வருடம் போனால் அவனுக்கே அறுபதாம் கல்யாணம் வரும்.

"சரி, கவர்மெண்டுக்காரன் என்ன கேக்கான்?"

2025-இல் ஐஆர்எஸ் வட்டி ஆண்டுக்கு 7 சதவீதம். அதன்மேல் கட்டாத வரிக்கு மாதம் 0.5 சதவீதம் அபராதம். அத்தை விரல்விட்டு, "வட்டி அரை வட்டிக்குக் கொஞ்சம் மேல, அபராதம் அரை. ஆக ஒரு வட்டி" என்றார். முகத்தில் ஒரு மரியாதை வந்திருந்தது. "கவர்மெண்டு நல்லவனாத்தாம்லா இருக்கான்! இவனுக்கா பயந்த?"

அடுத்த வரியை நான் மெதுவாகத்தான் சொன்னேன். படிவத்தையே தாக்கல் செய்யாவிட்டால் மாதம் 5 சதவீதம், 25 சதவீதத்தைத் தொடும்வரை. அத்தை எழுந்தே விட்டார். "அஞ்சு வட்டியா! பணம் குடுக்காததுக்கு அரை வட்டி, குடுக்கணும்னு எழுதிக் குடுக்காததுக்கு அஞ்சு வட்டியா? ஒரு தாள அனுப்ப ஒனக்குக் கை வலிச்சிச்சாலே?"

வரிச் சட்டத்தை இவ்வளவு சுருக்கமாக எந்த ஆடிட்டரும் எனக்குச் சொன்னதில்லை. கட்டப் பணம் இல்லாதவர்கள்தான் பயந்துபோய்ப் படிவத்தை அனுப்பாமல் விடுகிறார்கள். அந்தப் பயத்துக்குத்தான் கந்துவட்டி.

மைத்துனனுக்கு ரேடியோ விளம்பரத்தில் ஒரு கண். 'டாலருக்குச் சில சென்ட் கொடுத்தால் போதும், வரிக்கடனைத் தீர்த்து வைக்கிறோம்' என்பார்கள். அப்படிச் சமரசத்துக்கு விண்ணப்பிக்க நிஜமாகவே வழி உண்டு. ஆனால் விண்ணப்பித்தால் வருமானம், சொத்து எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் காட்ட வேண்டும். லென்ஸ்களைப் பட்டியலிட அவனுக்கு மனமில்லை. பெண்டாட்டிக்கே காட்டாத லென்ஸ்கள் சில இருந்தன.

"வில்லி நெல்சன்னு பெரிய பாடகர் அத்தான். 16.7 மில்லியன் டாலர் பாக்கின்னு 1990-ல சொத்தெல்லாம் ஜப்தி பண்ணிட்டாங்க. மறுவருஷம் ஆல்பம் போட்டு வரி கட்டினார்" என்று ஆறுதல் தேடினான். "அவரு பாடுனாரு. நீ படம் புடிச்சிக் கட்டு" என்று முடித்துவிட்டார் அத்தை.

இரண்டு வருடக் கணக்கையும் உட்கார்ந்து எழுதினோம். கேமரா, கார் ஓடிய மைல், படம் திருத்தும் மென்பொருள் எல்லாம் செலவில் கழிந்தன. நாமாக அனுப்பாவிட்டால் துறையே நம் பெயரில் ஒரு கணக்கு எழுதிக்கொள்ளலாம். அதில் வரவு இருக்கும். நம் செலவு அவர்களுக்கு எப்படித் தெரியும்? முந்தைய மூன்று வருடம் ஒழுங்காக இருந்தவருக்கு ஒரு வருட அபராதத்தைத் தள்ளுபடி செய்யும் வழக்கமும் உண்டு. அதை நாமாகக் கேட்க வேண்டியிருந்தது. ஐ.டி. வேலையில் இருந்த காலத்துக்கு அவன் உத்தமன். கேட்டான், கிடைத்தது. மீதிக்கு இணையத்திலேயே தவணை. 50,000 டாலருக்கு உட்பட்ட பாக்கி என்றால் நீண்ட காலத் தவணை கேட்கலாம். மாதத் தவணையைத் திரையில் குறிக்கும்போது, "இன்னும் கொஞ்சம் கொறச்சிக் கேளுலே" என்று பின்னாலிருந்து அத்தை. கையிருப்பு அந்த 'நூத்துக்கு ரெண்டு வட்டி' கார்டுக்காரர்களுக்குப் போனது.

சுயதொழில் வரியில் பெரும்பகுதி அவனுடைய ஓய்வூதியக் கணக்கில் ஏறும் என்பதை நான் கடைசியில்தான் சொன்னேன். மூன்று வருடத்துக்கு மேல் தாமதித்தால் அந்த வருட வருமானம் அதில் ஏறாமலே போய்விடும். அத்தை நெஞ்சில் கை வைத்தார். "பென்ஷன் பிடித்தமா? அதையா கெட்டாம இருந்த?" அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது மைத்துனன் திருந்திவிட்டான், கொஞ்சம் அதிகமாகவே. என் மகள் அரங்கேற்றத்துக்குப் படமெடுக்கக் கேட்டேன். மறுநாளே மதிப்பீடு அனுப்பினான். அடியில் 15.3 சதவீதம் என்று தனியாக ஒரு வரி.

"நம்ம வீட்டு விசேஷத்துக்குமா மச்சான்?"

"ஐஆர்எஸ் சொந்தம் பாக்காது அத்தான்."

போனை ஸ்பீக்கரில் போட்டு, ஊரில் இருந்த அத்தையிடம் பஞ்சாயத்துக்குப் போனேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அட்வான்ஸைக் குடுத்திருங்க மாப்பிள்ளை. நாள் தள்ளினா வட்டி போட்டிருவான்."