எதிராளியும் ஒரு வாத்தியார்

கேள்வி: யாராவது குறை சொன்னாலே எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. அடிபட்டால்தான் மனிதன் வளர்வான் என்கிறார்களே, உண்மையா?

பதில்: அடி வாங்கியே வளரலாம் என்றால் ஊரிலேயே உயரமானது மத்தளமாகத்தான் இருக்கும். வாங்கிய அடியை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் விஷயம்.

இதில் நான் பெரிதும் மதிப்பது சார்லஸ் டார்வினை. தன் முடிவுக்கு எதிரான தகவல் எது கிடைத்தாலும் உடனே குறித்துவைத்துவிடுவார். சாதகமானவை மனதில் ஒட்டிக்கொள்ளும், பாதகமானவை நழுவிவிடும் என்று அனுபவத்தில் கண்டவர் அவர். 1859இல் வெளியான ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில், தன் கொள்கையில் உள்ள சிக்கல்களுக்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கினார். கண் போன்ற நுட்பமான உறுப்பு படிப்படியாக உருவாகியிருக்குமா என்று, எதிராளி வாய் திறக்கும் முன்பே அவரே கேட்டார். என்ன துணிச்சல்! பொறியாளர் ஃப்ளீமிங் ஜென்கின் 1867இல் கடுமையாக விமர்சித்தபோது, அதைப் பயனுள்ளது என்று ஏற்று அடுத்த பதிப்பில் திருத்தினார். உயிரியலாளர் மைவர்ட்டின் தாக்குதல் அவர் மனதைப் புண்படுத்தத்தான் செய்தது. ஆனாலும் 1872ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு புது அத்தியாயமே சேர்த்து, பொறுமையாகப் பதில் சொன்னார்.

ஆகவே, கோபம் வந்தால் வரட்டும். ராத்திரி படுக்கும் முன், அவர்கள் சொன்னதில் உண்மையானதை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் ‘ஆனால்’ என்று தொடங்காதீர்கள். உண்மை எதுவுமே இல்லையென்றால், நோட்டை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.