குடிசை போட வந்த தம்பிக்கு

வா தம்பி, இப்படி வலை மேல உக்காராத, அந்தக் கட்டையில உக்காரு. எக்கியார்குப்பத்துக் கரையில எட்டுக் குடிசை போட்டு, சுவத்துக்கு மண்ணு பூசி, மேல சோலார் வெச்சு, ஊருக்கும் உதவப் போறேன்னு சொன்ன. ரொம்ப சந்தோசம். ஊருக்கு உதவ வர்றவங்களப் பாத்தாலே எனக்கு வயித்தக் கலக்கும். இருந்தாலும் மரியாதையா யோசனை கேட்டுட்ட, சொல்றேன்.

முதல்ல போர்டு வெச்சிடு. 'உள்ளூர் மக்களோடு கை கோத்து'ன்னு பெருசா எழுது. சமையக்காரன மெட்ராஸ்லேருந்து கூட்டியா. மீன காசிமேட்டுலேருந்து ஐஸ் பொட்டியில எறக்கு. பெட்ஷீட்டு வெளுக்கப் பாண்டிச்சேரிக்கு அனுப்பு. மேனேஜரு உன் மச்சான். எங்க ஊருப் பையனுக்கும் ஒரு வேலை குடு: வாட்ச்மேன். தொப்பி உன் செலவு. பொங்கலுக்குப் பள்ளிக்கூடத்துல அம்பது நோட்டு குடுத்து நூறு போட்டோ எடு. முடிஞ்சுது, ஊரு முன்னேறிடுச்சு!

சிரிக்கிற. சிரிப்பு கொஞ்சம் லேட்டா வந்துதே, இதுல பாதி உன் திட்டத்துல இருந்துதா?

விடியக்காலம் படகு கரை ஏறும்போது இங்க வந்து நில்லு. மணல்ல கொட்டின மீனச் சுத்திப் பொம்பளைங்க நிப்பாங்க. ஏலம் கூவுறவன் வாயத் தொறக்கறதுக்குள்ள அவங்க கண்ணு கணக்குப் போட்டு முடிச்சிருக்கும். சங்கரா வேணும்னு கேளு. செவுளத் தூக்கிக் காட்டுவா. ரத்தச் செவப்பா இருக்கும். நீ விலை பேசுவ, அவ உன் சட்டையப் பாத்து விலை சொல்லுவா. பேரம் பேசாம குடுத்துடு. அந்தக் காசு படகுக்காரன் பங்கு, கூடப் போனவன் பங்கு, கூடைக்காரி லாபம்னு பிரிஞ்சு, பொழுது சாயறதுக்குள்ள இதே தெருவுல அரிசியா எண்ணெயா மாறிடும். பள்ளிக்கூடத்துல நீ குடுக்கற நோட்டு என்னிக்குப்பா அரிசி ஆச்சு?

விருந்தாளிக்குச் சோறு போடறது எங்களுக்கு ஒண்ணும் புதுசில்ல. பக்கத்துல இருக்கற மரக்காணம்தான் பழைய எயிற்பட்டினம்னு படிச்சவங்க சொல்றாங்க. சிறுபாணாற்றுப்படையில அந்தப் பட்டினத்துக்கு வந்த பாணருங்களுக்கு, வீட்டுக்கு வீடு சுட்ட குழல் மீனும் தேறல்ங்கற கள்ளும் கெடைக்கும்னு இருக்குதாம், வாத்தியார் படிச்சுச் சொன்னாரு. மீன் சரி. தேறல் பேச்ச மட்டும் இங்க எடுக்காத. 2023 மே மாசம் மெத்தனால் கலந்த சாராயத்துல இந்தப் பக்கம் பத்துப் பேருக்கு மேல செத்தாங்க. நாட்டுல முக்கால்வாசிப் பேருக்கு எங்க ஊரு பேரு தெரிஞ்சதே அப்பதான். அத நக்கல் பண்ண எனக்கு வாய் வராது. ஒண்ணு மட்டும் சொல்றேன்: உன் குடிசைக் காசு எந்தக் கைக்குப் போவுதுங்கறதுல கவனமா இரு. பொம்பளைங்க குழுக் கணக்குல போடு. ஆம்பளைங்க கோச்சிக்குவாங்க. நானும் கோச்சிக்குவேன். கண்டுக்காத.

அப்புறம் உப்பளம். தை, மாசியில பாத்தியக் கட்டி மிதிச்சு ஆரம்பிச்சா மழை புடிக்கிற வரைக்கும் வேலை. ஐப்பசி மழை எறங்கினா பாத்தியெல்லாம் ஏரி. உப்பு வார்ற பலகை சுவத்துல சாஞ்சு நிக்கும், வாரினவனும் அப்படித்தான் நிப்பான். கவர்மெண்டு அந்த மழை மாசத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபா குடுக்குது. அதே மழையிலதான் பக்கத்துக் கழுவெளி ஏரியில பறவை எறங்குது: பூநாரை, கூழைக்கடா, பேரு தெரியாத வெளிநாட்டுக்காரனுங்க. 2021-ல சரணாலயம் ஆக்கினாங்க, 2024-ல ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியல்லயும் சேந்துடுச்சு. உப்புக்காரனுக்கு வேலை இல்லாத நாள்ல உனக்கு விருந்தாளி! சாமி கட்டிக் குடுத்த ஜோடி இது. பறவை காட்ட அந்த உப்புக்காரனையே வெச்சுக்க. பெங்களூர்லேருந்து ஆளு கூட்டியாந்தன்னா, எனக்குக் கெட்ட கோவம் வரும்.

இன்னும் கேளு. கண்ணி வெச்சுப் பறவை புடிக்கறவன் எங்கியாச்சும் இருந்தா அவனப் போலீசுல குடுக்கறதுக்கு முன்னாடி தேக்கடிய நெனைச்சுக்க. குமுளிப் பக்கம் காட்டுக்குள்ள பூந்து பட்டை திருடினவங்களையே 1998 வாக்குல வனத்துறை கூப்பிட்டு, டூரிஸ்டுக்கு வழி காட்டவும் காட்டக் காக்கவும் வெச்சுது. எந்த மேட்டுல எது எறங்கும்னு திருடனுக்குத் தெரியாதா?

இதெல்லாம் கெழவன் கதை விடறான்னு தோணுதா? காரமடையத் தாண்டிப் பில்லூர் அணைப் பக்கம் பரளிக்காடு இருக்குது. பெரும்பாலும் சனி, ஞாயிறுதான், முன்கூட்டிச் சொல்லிட்டுப் போகணும். போனதும் சுக்கு காப்பி, அப்புறம் பரிசல், மத்தியானம் மலைக்காரப் பொம்பளைங்க ஆக்கின சோறு, களி, கறி. பரிசல் தள்றவனும் அவங்க ஆளு. வசூலுல கூலி போவ மிச்சம் அந்த ஜனங்க கமிட்டிக்கு. ராமநாதபுரத்துல தொண்டிப் பக்கம் காரங்காட்டுலயும் அப்படித்தான்: அலையாத்திக் காட்டுக்குள்ள படகு வுடறது மீன்காரங்க, நண்டும் இறாலும் ஆக்கிப் போடறது அவங்க வீட்டுப் பொம்பளைங்க. ரெண்டு எடத்துலயும் வனத்துறை நடுவுல நிக்குது. உன் குடிசையில நடுவுல நிக்கப் போறது உன் மச்சான். அதான் எனக்குச் சந்தேகம்.

நீச்சல் குளம் போடுவியா? மாட்டேன்னு உடனே சொல்லாத, யோசிச்சுப் பொய் சொல்லு. இங்க போர் போட்டா உப்புத் தண்ணி. நல்ல தண்ணி எங்க வருதோ அங்க குடம் வரிசையா நிக்கும். உன் விருந்தாளி ரெண்டு வேளை ஷவர்ல பாட்டுப் பாடிக்கினு குளிச்சா அந்த வரிசை நீளும். அப்புறம் கரை காலியா கெடக்குன்னு வேலி போட்டுடாத. அது வலை காயற எடம், படகு இழுக்கற எடம். ஊர்ப் பஞ்சாயத்த ஒரு தடவை கேளு. கேக்காம போட்டா ராத்திரியில அந்த வேலி நடந்து போயிடும். யாரு நடத்தினதுன்னு எனக்கும் தெரியாது.

சரி, போய்ட்டு வா. வர்ற வாரம் பரளிக்காட்டுக்குப் போயி களி சாப்பிடு. நானும் ஈக்கோ ஆளுதான்னு சொல்லி ஓசியில கேக்காத, காசு குடுத்துச் சாப்பிடு. வரும்போது அந்தக் கமிட்டி நோட்டுல யார் கையெழுத்துப் போடறாங்கன்னு விசாரிச்சுக்கினு வா. மச்சான்கிட்ட அதுக்கப்புறம் பேசலாம்.