சட்டாம்பிள்ளை ஜான்

நம் ஊரில் மூன்று வயதுப் பிள்ளையை விஜயதசமியன்று மடியில் உட்காரவைத்து, தாம்பாளத்து அரிசியில் விரலைப் பிடித்து 'அ' எழுதவைப்போம். எழுதி முடித்ததும் வாயில் கற்கண்டு. அன்றைய படிப்பு அத்தோடு சரி. 1809ல் லண்டனில் ஜேம்ஸ் மில் என்பவர் தன் மூன்று வயது மகன் ஜானை உட்காரவைத்து, கிரேக்கச் சொல்லும் பக்கத்தில் ஆங்கிலப் பொருளும் எழுதிய சீட்டுகளைக் கையில் கொடுத்தார். கற்கண்டு கொடுத்ததாகத் தகவல் இல்லை.

இன்றைக்கு அமெரிக்காவில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே லத்தீன், தர்க்கம் என்று 'கிளாசிக்கல்' முறையில் வளர்க்க விரும்பும் பெற்றோர், எந்தப் பாடத்திட்டத்தை வாங்குவது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். கடையில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கிறது. மில்லுக்கு அந்தத் தலைவலி இல்லை. ஸ்காட்லாந்தில் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, அம்மாவின் பிடிவாதத்தால் படித்து, பாதிரியார் வேலைக்குத் தேறி, பிரசங்கம் கேட்டவர்களுக்குப் புரியாமல்போய், லண்டனில் பத்திரிகைக்கு எழுதிப் பிழைத்தவர் அவர். தத்துவவாதி ஜெரமி பெந்தம் அவருக்கு நண்பர். தங்கள் இருவருக்கும் தகுந்த வாரிசு ஒருவன் தயாராக வேண்டும் என்று 1812ல் பெந்தமுக்குக் கடிதமே எழுதினார் மில். வாரிசுக்கு அப்போது ஆறு வயது. அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த வியாதியை மில்தான் தொடங்கிவைத்தார் என்று பழி போடவும் முடியாது. 1533ல் பிரான்சில் பிறந்த கட்டுரையாளர் மோந்தேய்னின் அப்பா, மகனுக்குத் தாய்மொழியே லத்தீனாக இருக்கட்டும் என்று பிரெஞ்சு தெரியாத ஜெர்மானியர் ஒருவரை வாத்தியாராகக் கொண்டுவந்தார். பிள்ளையின் காதில் வேறு மொழி விழக்கூடாது என்று உத்தரவு. அம்மா, வேலைக்காரர், வேலைக்காரி எல்லோரும் நாலு வார்த்தை லத்தீன் பழகினார்கள். அக்கம்பக்கத்துக் கிராமங்களில்கூடச் சில கருவிகளுக்கு லத்தீன் பெயர் ஒட்டிக்கொண்டதாம். நம் வீட்டு ஆட்டுக்கல்லைச் சமஸ்கிருதத்தில் கூப்பிடாவிட்டால் மாவு அரையாது என்ற நிலைமை. ஆறு வயதில் பையனை போர்தோ நகரத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். நாட்டிலேயே சிறந்த பள்ளி என்று பெயர். அங்கே போனதும் அவனுடைய லத்தீன் கெட்டுவிட்டது.

மில் பள்ளி என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஜான் பிறந்த 1806ல்தான் அவர் பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாற்றை எழுதத் தொடங்கினார். மகன், புத்தகம் இரண்டும் ஒரே மேஜையில் வளர்ந்தன. மேஜையின் ஒரு பக்கம் அப்பா எழுதுவார். மறுபக்கம் மகன் கிரேக்கம் படிப்பான். அன்றைய கிரேக்க அகராதிகள் பொருளை லத்தீனில் சொல்லும். லத்தீன் பாடமோ எட்டு வயதில்தான். ஆக, தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் நடமாடும் அகராதி அப்பாதான். மனிதர் மகா முன்கோபி. இந்துக்களின் நாகரிகம் எவ்வளவு மட்டம் என்று ஒரு வாக்கியத்தை அவர் கட்டிக்கொண்டிருக்கும்போது, "அப்பா, இதற்கு என்ன அர்த்தம்?" என்று ஒரு குரல். அடுத்த வாக்கியத்தில் இன்னொரு முறை. நம் முன்னோரைப் பற்றி அந்தப் புத்தகத்தில் இருக்கும் சிடுசிடுப்பில் பாதிக்கு, மகன் கிரேக்கத்தில் படித்த ஏசாப்பும் ஹெரோடோட்டஸும்தான் காரணம் என்பது என் சந்தேகம். மில் இந்தியாவுக்கு வந்ததில்லை. இந்திய மொழி ஒன்றும் தெரியாது. அதுவே வரலாறு எழுத நல்ல தகுதி என்று முன்னுரையில் வாதாடியவர். அந்தப் புத்தகத்தைக் காட்டித்தான் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலையும் வாங்கினார்.

பையன் ஏழு வயதுக்குள் ஹெரோடோட்டஸை முழுதாக முடித்து, பிளேட்டோவின் உரையாடல்களில் ஆறையும் படித்தான். கடைசியாகப் படித்தது தனக்குப் புரிந்திருக்க வாய்ப்பே இல்லை என்று பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறான். காலையில் சாப்பாட்டுக்கு முன் அப்பாவோடு நடை. முந்தின நாள் படித்ததைத் துண்டுச்சீட்டைப் பார்த்து ஒப்பிக்க வேண்டும். மாலையில் கணக்கு. விடுமுறை கிடையாது, உழைக்கும் பழக்கம் விட்டுப்போகுமாம். பொம்மையும் தோழர்களும் கிட்டத்தட்ட இல்லை. ராபின்சன் குரூசோதான் பெரிய ஆறுதல். கவிதை எழுதும் கட்டாயமும் உண்டு. உலகம் கவிதைக்குத் தகுதிக்கு மீறி மதிப்புக் கொடுக்கிறது, ஆகவே கற்றுவைப்பது லாபம் என்பது அப்பாவின் கணக்கு.

இனி நம் ஊர்ச் சமாசாரம். ஜானுக்குப் பின் எட்டுப் பேர் பிறந்தார்கள். எட்டு வயதில் லத்தீன் தொடங்கிய ஜான், தான் படித்ததைத் தங்கைக்கும் நடத்த வேண்டும். தங்கை தடுமாறினால் அண்ணனுக்கு மண்டகப்படி. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த ஏற்பாட்டுக்கு இங்கிலாந்தில் அன்று 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். எழும்பூர் அனாதை விடுதியைக் கவனித்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதைத் தன் விடுதியில் நடத்தி, 1797ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை இப்படித்தான் கப்பலேறினார். லங்காஸ்டர் என்பவர் இது என் கண்டுபிடிப்பு என்று மல்லுக்கு நிற்க, நம் மில் லங்காஸ்டர் பக்கம் நின்று பிரசுரம் எழுதினார். வீட்டிலும் ஒரு சட்டாம்பிள்ளையை வைத்துக்கொண்டார். அந்தச் சட்டாம்பிள்ளைக்கு வேலை அறவே பிடிக்கவில்லை. கற்பிப்பவருக்கும் கற்பவருக்கும் அது நல்லதல்ல என்று சுயசரிதையில் எழுதிவைத்துவிட்டார். அச்சான அந்தச் சுயசரிதையில் ஒன்பது பெற்ற அம்மாவுக்கு இடமில்லை. பாடத்திட்டத்தில் அவர் இல்லை போலிருக்கிறது.

பன்னிரண்டில் தர்க்கம், பதின்மூன்றில் பொருளாதாரம், பதினேழில் அப்பாவுக்குக் கீழே கம்பெனி உத்தியோகம். 1826ல், இருபது வயதில், இயந்திரம் நின்றது. நினைத்த சீர்திருத்தம் எல்லாம் நடந்துவிட்டால் நீ மகிழ்ச்சியாக இருப்பாயா என்று தன்னையே கேட்டான். இல்லை என்று பதில் வந்தது. சுரங்கள் கொஞ்சந்தானே, சேர்க்கைகள் தீர்ந்துபோனால் இசை என்னாகும் என்றுகூடக் கவலைப்பட்டான். தஞ்சாவூரில் வேங்கடமகி 72 மேளகர்த்தா வகுத்துவைத்திருந்த செய்தியை யாராவது சொல்லியிருக்கலாம். கடைசியில் ஒரு பிரெஞ்சுக்காரரின் நினைவுக்குறிப்பைப் படிக்கும்போது கண்ணீர் வந்து, பாரம் இறங்கியது. அழவைத்தது, அப்பா செத்துப்போகும் பகுதி. இதற்கு மனோதத்துவ நிபுணர் வேண்டியதில்லை.

கம்பெனி நாற்காலியில் இருந்தபோது ஒரு நாட்டுக்கே பாடத்திட்டம் தேர்ந்தெடுக்கும் வேலையும் வந்தது. 1835ல் மெக்காலே இந்தியாவுக்கு ஆங்கிலமே போதும் என்று முடித்துவைத்ததை, மறு ஆண்டு ஜான் மறுத்து ஒரு கடித வரைவு எழுதினார். சமஸ்கிருதத்தையும் அரபியையும் கைவிடக்கூடாது என்ற கட்சி. அவற்றைப் படிப்பது வீண் என்று நினைத்த அப்பா அந்த ஆண்டுதான் காலமாகியிருந்தார். மேலிடம் வரைவைக் குப்பையில் போட்டது.

மூன்று வயதில் அனுபவித்ததற்கு இந்த மனிதர் கிரேக்கத்தை ஜென்ம விரோதியாக நினைத்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? 1867ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் தேர்ந்தெடுத்த ரெக்டராக மேடையேறி, எதைக் கற்பிக்க வேண்டும் என்று நீண்ட உரை நிகழ்த்தினார். கிரேக்கமும் லத்தீனும் இருந்தே ஆகவேண்டும் என்றார்.