அடைப்பில் என்ன அவசரம்?

கே: அப்பாவுக்குக் கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு. ஆனால் ஸ்கேன் ரிப்போர்ட்டில், அந்த இடத்தில் ரத்தம் அதிக வேகமாக ஓடுவதாகப் போட்டிருக்கிறார்கள். ஆள் மாறிப்போய் எழுதிவிட்டார்களா?

ப: ஆளும் சரி, ரிப்போர்ட்டும் சரி. செடிக்குத் தண்ணீர் விடும்போது டியூப் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் வேட்டி நனையும். குறுகிய ரத்தக்குழாயிலும் அதே கதைதான்.

கழுத்தில் ஜில்லென்று ஜெல் தடவி, கருவியைச் சாய்த்து வைத்து ஒலி அலையை அனுப்புகிறார்கள். ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறுகிறது, வேகம் கணக்காகிவிடுகிறது. அறையில் 'புஸ்... புஸ்' என்று கேட்பது அந்த மாற்றம்தான். 1842-ல் ஆஸ்திரியாவின் கிறிஸ்டியன் டாப்ளர் இதைச் சொன்னது இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தை விளக்க. உங்கள் அப்பாவின் கழுத்து அவர் கணக்கிலேயே இல்லை!

உட்புறக் கரோட்டிட் தமனியில் உச்ச வேகம் நொடிக்கு 125 சென்டிமீட்டரைத் தாண்டினால் பாதிக்கு மேல் அடைப்பு, 230-ஐத் தாண்டினால் 70 சதவீதத்துக்கு மேல் என்பது பரவலாகப் புழங்கும் அளவுகோல். இதில் ஒரு குசும்பு உண்டு. குழாய் ஏறக்குறைய மூடிக்கொண்டால் வேகம் மறுபடி குறைந்து, நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும். அதனால்தான் எண்ணோடு படத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

எண்ணை மட்டும் கூகுளில் தேடிக்கொண்டிருக்காமல், ரிப்போர்ட்டோடு நரம்பியல் மருத்துவரைச் சீக்கிரம் பாருங்கள். திடீரென வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அதற்கும் காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.